அடிக்கடி கேட்கும் குரல் 1

ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனிக் கொடியில் ஈரத் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். எப்போதும் வீடியோவில் முகம் காட்டுகிறவள் அன்று வெறும் குரலாக வந்தாள். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

“அம்மா, உனக்கும் அப்பாவுக்கும் ஏதாவது பிரச்சினையா?”

“என்ன பிரச்சினை? அவர் கடைக்குப் போயிருக்கார். நான் துணி காயப்போடறேன்.”

“நிஜமா சொல்லும்மா. மறைக்காதே.”

“மறைக்கறதுக்கு என்னடி இருக்கு?”

மகள் தயங்கினாள். அவளுக்கு வேறு ஊரில் வங்கி வேலை. கடன் கேட்டு வருகிறவர்களிடம் ‘கிடைக்காது’ என்பதை நோகாமல் சொல்லிப் பழகியவள். அதே பதமான குரலில் இப்போது அம்மாவிடம் ஆரம்பித்தாள். அப்பாவின் காது மெஷின் வாராவாரம் அவளுக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறதாம். எப்போதும் பச்சையாகத்தான் இருக்குமாம். இந்த வாரம் சிவப்பில் ஒரு கட்டம் வந்திருக்கிறதாம். அதை அப்படியே படித்தாள்: “வீட்டு உரையாடலில் உங்கள் அன்புக்குரியவரின் ஈடுபாடு குறைந்துவருகிறது. அடிக்கடி கேட்கும் குரல் 1 பேசும் நேரங்களில் அவர் ஒலியளவைக் குறைப்பது கவனிக்கப்பட்டுள்ளது.”

“யாரு அது, அடிக்கடி கேட்கும் குரல் ஒண்ணு?”

மகள் அடுத்த வரியைப் படிக்கப் போனாள்.

“உன்னைத்தான்டி கேக்கறேன். யாரு அது?”

“பக்கத்துல சின்னதா போட்டிருக்கும்மா,” என்றாள் மகள். “பெண், உரத்த குரல்னு.”

கையிலிருந்த துண்டு கொடியில் பாதியும் தரையில் பாதியுமாக விழுந்தது.

அவள் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். அந்த வட்டாரம் முழுக்க அவளுக்குக் ‘கோச்’ என்றுதான் பெயர். புருஷனே கூட, சண்டை இல்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார். கூரை போட்ட குளம். பிள்ளைகள் காலை உதைக்கிற சத்தமும் கூரையில் மோதித் திரும்புகிற எதிரொலியும் சேர்ந்து பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் விழாது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும் குழந்தைக்கும் எட்டும்படி ‘மூச்சு! மூச்சு!’ என்று கத்துவதுதான் அவள் பிழைப்பு. அந்தக் குரலை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவைக்க அவளுக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் உச்சியில் இருக்கிற மோட்டார் அறைகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். காதுகளையும் அங்கேயே விட்டுவிட்டார். ‘இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க’ என்று சில வருஷம் ஊரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மகள்தான் விடாப்பிடியாக நின்று இந்த மெஷினை வாங்க வைத்தாள். இருப்பதிலேயே புதுசு. காதின் பின்னால் ஒரு மொச்சைக் கொட்டை அளவுக்கு உட்கார்ந்திருக்கும். அதில் திருகும் கிடையாது, சக்கரமும் கிடையாது. சத்தத்தை ஏற்றுவது, இறக்குவது எல்லாமே போனில் இருக்கும் செயலியில்தான். மகள் வீடியோவில் இருந்தபடி ‘அடுத்து, அடுத்து, இப்ப ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்லச் சொல்ல அவர் விரலால் அமுக்கிக்கொண்டே போனார். அப்படித்தான் அது வீட்டுக்குள் வந்தது.

வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தது. குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்கிறது என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

ரொட்டியும் முட்டையுமாக அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது கோச் கூடத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“என்னங்க, நான் பேசும்போது சத்தத்தைக் குறைக்கறீங்களா?”

“என்ன?”

“கேக்கலையா, இல்ல இப்பவும் குறைச்சுத்தான் வெச்சிருக்கீங்களா?”

அவர் முட்டைகளை மெதுவாக மேஜையில் வைத்தார். “யாரு சொன்னா?” என்றார். அங்கேதான் தப்புப் பண்ணினார். ‘இல்லையே’ என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் யார் சொன்னது என்று கேட்டுவிட்டார்.

“உங்க காதே சொல்லுச்சு. உங்க பொண்ணுகிட்ட சொல்லுச்சு. அவ எங்கிட்ட சொன்னா.”

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“உலகத்துல எந்தப் புருஷன் பொண்டாட்டி பேசறதை முழுசாக் கேக்கறான்? எனக்கென்ன தெரியாதா? ஆனா எனக்கு மட்டும்தான் அதுக்குக் கிராஃப் போட்டு ரிப்போர்ட் வருது. அதுவும் நான் பெத்த பொண்ணுக்கே வருது!”

“அப்படி இல்லம்மா. சாயங்காலம் நீ சமையல்கட்டுல நின்னு பேசற. காத்தாடி ஓடுது, குழாய் ஓடுது, பாத்திரம் உருளுது. எல்லாம் சேர்ந்து மண்டைக்குள்ள மணி அடிக்குது. உன் பேச்சு வேண்டாம்னு இல்ல. சத்தம்தான்…”

“எங்கிட்ட ரெண்டும் சேர்ந்துதான் வரும். தனித்தனியா கிடைக்காது.”

“சில நாள்,” என்று ஆரம்பித்தவர், நிறுத்தி, பிறகு சொல்லியே விட்டார். “சில நாள் வேலை முடிஞ்சு வந்தா எதுவுமே கேக்க வேண்டாம்னு இருக்கு. அது உன்னாலன்னு இல்ல.”

உண்மையைச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த பலன், கோச் அன்றிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மேஜையில் இருக்கிறது, மின்கட்டணம் கட்ட வேண்டும், கதவைச் சாத்துங்கள். இவ்வளவுதான், அதையும் நூலகத்தில் பேசுவதுபோல அடங்கிய குரலில். அவர் மூன்றாம் நாளே தளர்ந்துபோனார்.

“ஏதாவது பேசேன், கோச்.”

“எதுக்கு? ரிப்போர்ட்ல வரும்.”

குளத்தில் அந்த வாரம் பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிகமாக நீந்தினார்கள். வீட்டில் மிச்சம்பிடித்த குரலையும் அவர்கள் தலையில்தான் கொட்டினாள்.

அடுத்த ஞாயிறு மகள் வீடியோவில் வந்தாள். முகமெல்லாம் பல்.

“பாத்தியாம்மா? எல்லாம் பச்சையா வந்திருக்கு! கேளேன்: வாழ்த்துகள்! உங்கள் அன்புக்குரியவர் இந்த வாரம் ஒலியளவைக் குறைக்கவே இல்லை. வீட்டுச் சூழல்: அமைதி, இணக்கம். ஒரு பூ வேற போட்டிருக்காங்க.”

கோச் புருஷனைப் பார்த்தாள். ஒரு வாரமாக நேருக்கு நேர் பார்க்காத முகம். முதலில் அவருக்குத்தான் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவளுக்கும் உதடு துடித்து, அப்புறம் மொத்தமாக உடைந்து, இருவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

“நாங்க ஒரு வாரமா பேசிக்கவே இல்லடி, மக்கு!”

திரையில் மகளின் முகம் சுருங்கிப்போனது. “அப்ப இந்தப் பூ?” என்றாள்.

சிரிப்பு அடங்கியபோது கோச்சுக்குள் வேறொன்று கிளம்பியது. ஒரு வாரமாகப் புருஷன்மேல் வைத்திருந்த கோபம் இடம் மாறிப் போய் உட்கார்ந்தது. “குடுங்க அந்தப் போனை,” என்றாள்.

அன்று முற்பகல் முழுக்க இருவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் செயலியைத் துழாவினார்கள். வாங்கிய நாளிலிருந்து சத்தம் கூட்டும் கோட்டைத் தவிர வேறு எதையும் அவர் தொட்டதில்லை. உள்ளே போகப் போகக் கதவுக்குள் கதவாகத் திறந்தது. ‘என் நாள்’, ‘என் முன்னேற்றம்’, ‘என் குடும்பம்’. ஒவ்வொன்றிலும் சிரித்த முகத்தோடு ஒரு கிழவர் படம். கடைசியில் ‘வீட்டில் ஒலிக்கும் குரல்கள்’ என்று ஒரு பக்கம் வந்தது.

அதில் அவள் இருந்தாள். பெயரில்லை, ஓர் ஆரஞ்சுப் பொட்டு. எந்த நாள் எவ்வளவு நேரம் பேசினாள், எவ்வளவு உரக்கப் பேசினாள் என்று நாள்தோறும் பட்டை பட்டையாக. பக்கத்தில் ‘உணர்வு நிலை’ என்று ஒரு வரி: பதற்றம், பதற்றம், நடுநிலை, பதற்றம். காலையில் அவசரமாக அவருக்கு டப்பா கட்டிக் கொடுத்த நேரமெல்லாம் அதற்குப் பதற்றம். பக்கத்து வீட்டுப் பெண்மணியும் ஒரு நீலப் பொட்டாக அங்கே இருந்தாள். பாவம், ஏணி இரவல் கேட்க வந்தவள்.

“இதெல்லாம் யார் கேட்டா?” என்றாள் கோச். “நான் எந்த மெஷினும் மாட்டிக்கலையே. ஒப்புக்கொள்கிறேன்னு எங்கயும் அமுக்கலையே.”

“அமுக்கினது நான்தான்,” என்றார் அவர். “அவ அடுத்துன்னா, நான் அமுக்கினேன்.”

அவள் விரலால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். பட்டைகள் வரிசையாக ஓடின. ஓரிடத்தில் ஒரு பட்டை மட்டும் மற்றதையெல்லாம் தாண்டி மேல்விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. அதன்மேல் ஓர் எச்சரிக்கை முக்கோணம். தொட்டாள். ‘அசாதாரண உரத்த ஒலி. பயனரின் வசதிக்காக ஒலி தானாகக் குறைக்கப்பட்டது.’

தேதியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் தங்கை இறந்த செய்தி வந்த நாள். போனைக் கீழே போட்டுவிட்டு இதே மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அவள் அலறிய நாள்.

அவரும் தேதியைப் பார்த்தார்.

“அன்னைக்கு நான் குறைக்கலை,” என்றார்.

“தெரியும்.”

“நீ ஏன் திடீர்னு மெதுவா அழறன்னு எனக்கு அப்பப் புரியல. தொண்டை அடைச்சுப்போச்சோன்னு நினைச்சேன்.”

கோச் போனைத் திருப்பி மேஜைமேல் கவிழ்த்துவைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

“காது உங்களோடது. குரல் என்னோடது. நீங்க கேளுங்க, கேக்காம இருங்க, அதுக்கு நாம சண்டை போட்டுக்கலாம். நடுவுல இவன் யாருங்க?”

அறிக்கையை நிறுத்துவது எளிது என்றுதான் நினைத்தார்கள். அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் சாம்பல் பூத்துப்போய்க் கிடந்தது. எவ்வளவு அமுக்கினாலும் அசையவில்லை. ‘இந்த அமைப்பைப் பராமரிப்புத் தலைவர் மட்டுமே மாற்ற முடியும்’ என்றது. பராமரிப்புத் தலைவர் யார் என்று பார்த்தால், மகள்.

மகளைக் கூப்பிட்டார்கள். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை.

“கொஞ்ச நாள் இருக்கட்டுமேம்மா. எனக்கு ஒரு நிம்மதி. காலையில அப்பா மெஷினை மாட்டினார்னு வந்தாலே, சரி, எழுந்துட்டார், நல்லா இருக்கார்னு தோணும்.”

“நல்லா இருக்காரான்னு கேக்கணும்னா போன் பண்ணிக் கேளேன்.”

“கேட்டா சொல்றீங்களா? போன தடவை அப்பா ஏணியிலிருந்து விழுந்ததை யார் சொன்னது? நானாத்தானே கண்டுபிடிச்சேன்! எப்பக் கேட்டாலும் நல்லா இருக்கோம், சாப்பிட்டோம், வெச்சிடவா. நான் என்னதான் பண்றது?”

ஏணி விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று புருஷனைத் தடுத்தவளே கோச்தான்.

“சரி, நாங்க பண்ணினது தப்பு,” என்றாள். குரல் தணிந்தது. “இனிமே சொல்றோம். ஆனா சித்தி செத்த அன்னைக்கு நான் அழுததைக்கூட அது அளந்து வெச்சிருக்குடி. அது உன் கையில வரணுமா? இன்னும் எவன் எவன் கையில போயிருக்கோ, யாருக்குத் தெரியும்?”

மகள் அந்தப் பக்கத்தை அதுவரை திறந்து பார்த்ததில்லை. திறந்தாள் போலிருக்கிறது. “நான் ஆஃப் பண்ணிடறேன்மா,” என்றாள்.

அமுக்கியவுடன் புதிதாக ஒரு செய்தி வந்தது. குடும்பப் பகிர்வை நிறுத்தினால், பயனரின் பாதுகாப்புக்காக, ஒலியளவைக் கையால் மாற்றும் வசதியும் நின்றுவிடும். இனி மெஷினே பார்த்து முடிவெடுத்துக்கொள்ளும்.

“அது எப்படி?” என்று அவர் எழுந்தே விட்டார். “மோட்டார் ரூம்ல பிரேக் உரசற சத்தத்தை இது இரைச்சல்னு நினைச்சு அழிச்சிடுது. நான் கையால ஏத்தித்தான் கேக்கறேன். அது கேக்கலைன்னா நான் என்ன வேலை பார்க்கறது?”

“சொந்தக் காதுல சத்தத்தை ஏத்தி இறக்கறதுக்குப் பொண்ணு கையெழுத்துப் போடணுமாம்,” என்றாள் கோச். “நல்லா இருக்குங்க நியாயம்.”

மகள் பொத்தானைப் பழையபடி வைத்தாள். வேறு வழியில்லை.

திங்கட்கிழமை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் கிடைத்த இடைவேளையில், குளத்தின் ஓரத்தில் இருந்த அலுவலக அறையில் உட்கார்ந்து கோச் கம்பெனிக்கு எழுதினாள். முதலில் பதில் சொன்னது ஓர் இயந்திரம்.

‘வணக்கம்! உங்கள் கேட்கும் பயணத்தில் இன்று நான் எப்படி உதவலாம்?’

‘என் குரலைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும்’ என்று தட்டினாள்.

‘குரல் தெளிவாகக் கேட்கவில்லையா? மெஷினைத் துடைப்பது எப்படி என்று ஒரு காணொளி அனுப்பட்டுமா?’

‘வேண்டாம். அழிக்க வேண்டும்.’

‘மகிழ்ச்சி! துடைப்பது எப்படி என்ற காணொளி இதோ.’

மனிதர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று அவள் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது மகிழ்ச்சி தெரிவித்தது. கடைசியில் என்ன கோபத்தில் என்ன எழுதினாளோ, கோரிக்கை மேலிடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று வந்தது.

மேலிடத்துப் பதில் வர நாலைந்து நாள் ஆனது. நல்ல மொழியில், மரியாதையாக எழுதியிருந்தார்கள். தாங்கள் எங்கள் பயனர் அல்ல; எனவே பயனரின் கணக்கு குறித்துத் தங்களிடம் பேச இயலாது. புருஷனின் கணக்கிலிருந்து எழுதினாள். தங்கள் கணக்கில் தாங்களே பயனர். மற்றவர் குரல் குறித்துத் தாங்கள் கோர இயலாது. அந்த மற்றவரே கோர வேண்டும். அந்த மற்றவள் நான்தான் என்று மறுபடி தன் பெயரில் எழுதினாள். அதற்கு வந்த பதிலைப் படித்தபோது அவள் குளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். ‘தாங்கள்தான் அடிக்கடி கேட்கும் குரல் 1 என்பதை உறுதிசெய்ய, கீழ்க்கண்ட பத்தியை இயல்பான குரலில் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பவும்.’ கீழே வானிலை இன்று இனிமையாக இருப்பதாக ஒரு பத்தி.

“என் குரல் உன்கிட்ட இருக்கக் கூடாதுன்னு சொன்னா, அதுக்கு என் குரலையேவா கேக்கற?”

கூரை அதிர்ந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மொத்தமாக உதைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிறுமி, தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, “சாரி மிஸ்,” என்றாள்.

மெஷின் பொருத்திய கிளினிக்குக்கு வேலை முடிந்து இருவருமாகப் போனார்கள். காதைச் சோதித்து மெஷினைச் சரிபார்த்துத் தருகிற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். இவர்கள் சொல்லச் சொல்ல அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இந்த வாரத்துல மூணாவது ஆள் சார். ஒருத்தர் டிவி பாக்கறதையெல்லாம் வீட்டுல சண்டைன்னு போட்டு அவர் பையனுக்கு அனுப்பியிருக்கு. பையன் பயந்து போய் நேர்ல வந்துட்டான்.”

“நீங்களே இதை நிறுத்திடலாமே?”

அவள் கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள். அங்கேயும் பாதிப் பொத்தான்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன.

“முன்னாடியெல்லாம் எல்லாத்தையும் நானே மாத்துவேன். போன அப்டேட்ல பூட்டிட்டாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே காட்ட மாட்டேங்கறாங்க. கேட்டா, கம்பெனி ரகசியம்ங்கறாங்க. நான் படிச்ச படிப்புக்கு இப்ப பேட்டரி மாத்தலாம், காது அழுக்கைத் துடைக்கலாம். அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையைச் சாத்திய சத்தத்தில் லிஃப்ட்காரர் முகத்தைச் சுளித்தார்.

பக்கத்து அலமாரியிலிருந்து அவள் வேறொரு மெஷினை எடுத்துக் காட்டினாள். வேறு கம்பெனி. பார்க்கக் கொஞ்சம் தடிமனாக, அழகில்லாமல் இருந்தது. அதற்குள் இருப்பதை எந்தக் கிளினிக்கிலும், எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்றாள். “அன்னைக்கே இதைக் காட்டினேன். உங்க பொண்ணு வீடியோவுல பாத்துட்டு, ஐயோ, பழைய மாடல் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க.”

“இப்ப மாத்த முடியாதா?” என்றாள் கோச்.

“திருப்பிக் கொடுக்கற காலம் தாண்டிப்போச்சும்மா.” யோசித்தாள். “இன்னொரு வழி இருக்கு. உங்ககிட்ட ஸ்மார்ட்போன் இருக்கா சார்?”

“இருக்கே,” என்று அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“இல்லைன்னு சொல்லுங்க.”

“இருக்கும்மா. இதோ.”

“சார், இல்லைன்னு சொல்லுங்க.”

கோச் முழங்கையால் அவரை இடித்தாள். “இல்லை,” என்றார் அவர், போனைக் கையில் வைத்துக்கொண்டே.

போன் வைத்துக்கொள்ளாதவர்களுக்கென்று கம்பெனி ஒரு சந்து விட்டிருந்தது. அப்படிப் பதிந்துவிட்டால் மெஷின் செயலியோடு பேசாது. எங்கேயும் எதையும் அனுப்பாது. அதன் முதுகில் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு குமிழ் இருக்கிறது. அதற்கு உயிர் வந்துவிடும். மேலே அமுக்கினால் சத்தம் கூடும், கீழே அமுக்கினால் குறையும். இரைச்சலை அழிக்கிற வேலையையும் அதிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!” என்றார் அவர்.

“இதுல போன் பேச்சு நேரா காதுக்குள்ள வராது சார். அதுதான் யோசிக்கணும்.”

அவர் யோசித்தார். அவர் மேலே மோட்டார் அறையிலும் கூட்டாளி கீழே லிஃப்ட் குழியிலுமாக நின்று வேலை பார்க்கும்போது, இரண்டு கையிலும் சாமான் இருக்க, காதுக்குள்ளேயே கூட்டாளியின் பேச்சு வந்து விழுவது இந்த ஒரு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய சுகம். கோச்சுக்கு அது தெரியும்.

“வேலைக்கு வேணுமேங்க,” என்றாள். “எனக்காக ஒண்ணும் வேண்டாம். நான் அவனுக்கு இன்னும் நாலு கடிதம் எழுதறேன்.”

“உனக்காக மட்டுமில்ல,” என்றார். “என் காதை நான் குறைச்சா அது எவனுக்கோ செய்தியாப் போகுதுன்னு தெரிஞ்சதிலிருந்து, அதைத் தொடவே கை வரலை. ரெண்டு மூணு வாரமா மண்டை இடி. கிடங்குல பழைய வாக்கிடாக்கி கிடக்கு, அதை வெச்சுப் பார்த்துக்கறேன்.” கிளினிக் பெண்ணைப் பார்த்தார். “மாத்திடுங்கம்மா. எங்கிட்ட போன் இல்லை.”

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே செயலியைப் போனிலிருந்து நீக்கினார். நீங்கள் பிரிவதில் வருந்துகிறோம் என்றது. ஏன் பிரிகிறீர்கள் என்று கேட்டது. நிச்சயமா என்று கேட்டது. மறுபடியும் நிச்சயமா என்று கேட்டது. பஸ்ஸே வந்துவிட்டது.

பழைய பட்டைகள் மட்டும் போகவில்லை. கோச் அதற்கும் எழுதினாள். சாதனம் தற்போது இணைப்பில் இல்லாததால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை, மீண்டும் இணைத்துவிட்டு முயலவும் என்று பதில் வந்தது. அதைப் படித்தபோது அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. நுகர்வோர் குறைகேட்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அங்கிருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்மா?” என்றார். தங்கை செத்த அன்றைக்கு அழுத அழுகை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? “என் குரல்,” என்று மட்டும் சொன்னாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது என்ன பேசுவது என்று மகளுக்கே தெரியவில்லை.

“இந்த வாரம் எனக்கு ஒண்ணும் வரலை,” என்றாள்.

“வராது. கேளு.”

“சரி. எப்படிம்மா இருக்கீங்க?”

‘நல்லா இருக்கோம்’ என்பது கோச்சின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அப்பாவுக்கு ஏணியிலிருந்து விழுந்து அடிபட்ட முழங்கால் இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது. வாக்கிடாக்கியில் கூட்டாளி பேசுவது பாதி புரியவில்லை என்று தினமும் முணுமுணுக்கிறார். தனக்குத் தங்கை ஞாபகம் அடிக்கடி வருகிறது, அதுவும் குளத்தில் யாராவது இரண்டு பெண்பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தால். இதையெல்லாம் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்றாள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு அவளும் ஒன்றைச் சொன்னாள்: வேலை பிடிக்கவில்லை, ஆறு மாதமாகவே பிடிக்கவில்லை. எந்த அறிக்கையிலும் வராத சேதி. கோச் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சு நீண்டது. எதிரே லிஃப்ட்காரர் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். மகளுக்கு எதையோ புரியவைக்கிற வேகத்தில் கோச்சின் குரல் குளத்து உயரத்துக்கு ஏறியபோது, அவர் கை மெல்ல எழுந்து காதின் பின்பக்கம் போனது.

“என்ன பண்றீங்க?” என்றாள் கோச், போனை வாயிலிருந்து நகர்த்தி.

“சொறியறேன்.”

“சொறியறீங்களா, குறைக்கறீங்களா?”

“சொறியறேன் கோச்.”

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். அவர் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்பவில்லை. ஆனாலும் அதை அதோடு விட்டுவிட்டு, “ம், நீ சொல்லுடி,” என்று மகளிடம் திரும்பினாள்.